ஆளுக்கொரு மின்னஞ்சல்

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். இத்தனை வருடமும் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல். இன்று காலை அதை அவள் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மாலை வேலையிலிருந்து வந்த கணவன் சிரித்தான். "உனக்கெதுக்குத் தனியா? யாரு லெட்டர் போடப்போறா? அன்னைக்கு வேலைக்கு எழுதிப் போட்டியே, அந்தக் காலேஜ்காரனே உன்னைச் சீந்தலையே!"

ஆறு வருடமாகக் குத்திக்காட்டும் அதே பேச்சு. அவள் கம்ப்யூட்டர் முன் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வெளிநாட்டு வேலைக்கான உத்தரவைத் தேடி உட்கார்ந்தவன் அலறினான்.

"'நீங்கள் மறுத்ததால் வேறொருவரை எடுத்துவிட்டோம்'னு வந்திருக்கு! நான் எங்கடி மறுத்தேன்?"

"நான்தான் அனுப்புனேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பழைய லெட்டரையெல்லாம் பிரிக்கும்போது ஒண்ணு கிடைச்சுது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலையை ஏற்க இயலவில்லை'ன்னு, காலேஜுக்கு என் பேர்ல போயிருக்கு. நான் எழுதினதில்ல. வேலை கிடைச்ச லெட்டரை அழிச்சவரு, அனுப்பினதை அழிக்க மறந்துட்டீங்க."

அவன் அந்த லெட்டரைத் தேடித் திரையை உருட்டினான்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஒரு எழுத்துகூட மாத்தலை. கீழே பேரை மட்டும் உங்க பேரா மாத்தினேன்."