காலி சீட்டின் பெல்ட்

2024 ஜூன் 12, திருப்பூர் ராயபுரம். மெக்கானிக் இளங்குமரன் காரின் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். ஏர்பேக்கைத் தொடுமுன் அப்படித்தான் செய்ய வேண்டும்.

போன மாதம் சித்ராதேவியின் கணவர் இந்தக் காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். ஏர்பேக் விரியவில்லை. அதை மாட்டிக் கொடுத்த, கணவரின் நண்பர் தங்கதுரையும் சித்ராதேவியோடு அருகில் நின்றார்.

"புதுசுங்க. என் கையாலயே மாட்டுனதுங்க."

ஸ்டியரிங் மூடியைத் திறந்தால் உள்ளே ஏர்பேக்குக்குப் பதில் பனியன் வேஸ்ட், பனியன் கம்பெனிகளில் கழிக்கும் துணி.

"நாங்க கிரீஸ் துடைக்கிற துணிங்க இது," என்றார் இளங்குமரன்.

"அவரு உங்களக் கூடப்பொறந்தவருன்னு சொல்லுவாருங்கண்ணா," என்றார் சித்ராதேவி தங்கதுரையிடம்.

அப்போது, டிரைவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் ஒலி காருக்குள் தொடங்கியது. சீட்டில் யாரும் இல்லை. பேட்டரி தரையில்தான் இருந்தது.

சித்ராதேவி குனிந்து, காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒலி நின்றது.