புள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

ராஜபாளையம் மில் ஒன்றில், நூலுக்குச் சாயம் போடும் டையிங் பிரிவில் வேலை. கண் பரிசோதனையில் தேறினால்தான் ஆர்டர். தவசிமுத்துவுக்கோ சிவப்பு மங்கலாகத்தான் தெரியும்.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் அந்தப் பரிசோதனைப் புத்தகத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அக்காள் வேலுத்தாய் போனில் வாசித்துச் சொல்ல, அப்படியே மனப்பாடம் செய்திருந்தான்.

மில் டாக்டர் சுந்தரபாண்டியன் பக்கங்களைப் புரட்டினார்.

"பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்பது..."

கடைசிப் பக்கத்தில் திணறினான். 'அதுல வெறும் புள்ளிதாம்லே' என்று சொல்லியிருந்தாள் அக்காள். அவனுக்கோ, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, புள்ளிகளுக்குள் நாற்பத்தைந்து என்று பளிச்செனத் தெரிந்தது. தன் கண்ணைவிட அக்காளின் கண்ணையே நம்பினான்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஏலே, இம்புட்டுப் பெருசா நாப்பத்தஞ்சு கெடக்கு, ஒண்ணுமில்லங்கியே. மூணு வருசமா இந்தப் பக்கத்துல ஒருத்தனும் தேற மாட்டேங்கான். நீ போகலாம்."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பரிபூரணம் எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தம்பி சொன்னது சரிதான் சார். பின்னாடி போட்டிருக்கே. நல்ல கண்ணுக்கு வெறும் புள்ளியாம். சிவப்பு சரியாத் தெரியாதவங்களுக்கு மட்டுந்தான் நாப்பத்தஞ்சு தெரியுமாம்."

டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் நாப்பத்தஞ்சுதான் சார் தெரிஞ்சுது" என்றான் தவசிமுத்து மெதுவாக.

"மத்த பக்கமெல்லாம்?"

"மனப்பாடம் சார்."

"நானும் அப்படித்தாம்லே."

டாக்டர் படிவத்தில் 'டையிங்' என்பதை அடித்து, 'பேண்டேஜ் துணிப் பிரிவுக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அங்க போயிரு. எல்லாமே வெள்ளைதான்."