எஸ். திருமால்

சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினார் சிவில் துறைத்தலைவர் எஸ். திருமால்.

சென்னப்பன் மகன் திருமால். சுவீடனில் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து தருமபுரிக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு படிக்கும் சந்தியா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நன்றியுரையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

'உலகத் தரத்தை நோக்கி நம் கல்வி' என்று வாசலில் பிளக்ஸ். பின்னால் விமானம், முன்னால் அவர். விமானத்தை விட அவர் பெரிதாக இருந்தார்.

திரையில் அறுபத்து நான்கு படம் ஓடியது. அறுபத்தொன்றில் அவர் நின்றார். சாலை போடுவதில் அந்த ஊர்க்காரர்கள் பேர் போனவர்களாம். அவர் தோளைத் தாண்டி ஒரு முழம் சாலையைக்கூடப் பார்க்க முடியவில்லை.

பத்து நாளில் அவர் கண்டுபிடித்தது இரண்டு. அங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அங்கே சாம்பார் கிடைப்பதில்லை. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

சந்தியா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

சாலைப் பாதுகாப்பு படிக்க, கல்லூரிக்கு ஒருவரைத் தன் செலவில் கூப்பிட்டிருந்தது சுவீடன் பல்கலைக்கழகம் ஒன்று. ஆசிரியரோ மாணவரோ, கட்டுரை நன்றாக இருந்தால் போதும். இந்தக் கல்லூரியிலிருந்து அனுப்பியது இரண்டே பேர். அவரும் அவளும்.

அடிக்கடி லாரி கவிழும் தொப்பூர் கணவாயில், பதினோரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது அவள் கட்டுரை. டீசல் மிச்சமாகும் என்று லாரியை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டுகிறவர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது, பிறகு நடப்பது. லாரிக்காரர்களைப் பேச வைத்தது அவள் அப்பா.

அவரும் டிரைவர்தான், இதே கல்லூரியில். மூணாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். அதனால் எல்லாருக்கும் அவர் மூணாம் நம்பர். இங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது.

இரண்டு நாள் லீவு போட்டு அலைந்து மகளுக்கு பாஸ்போர்ட் வாங்கித் தந்தவர் அவர். 'சர்நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அப்பாவும் மகளும் திருதிருவென விழித்து, கடைசியில் ஊரில் எல்லாரும் செய்வது போல அப்பா பெயரையே போட்டார்கள். சுவீடனுக்குப் போன விண்ணப்பத்திலும் அப்படியே.

பதில், துறையின் மெயிலுக்கு வந்தது. அதன் பாஸ்வேர்டு துறைத்தலைவருக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு வரவில்லையம்மா, எனக்குத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்று மூணாம் நம்பர் பஸ்ஸின் கடைசி சீட்டில் மொரப்பூர் வரை அழுதுகொண்டே போனாள். அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மேடையில் அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"போற எடமெல்லாம் தொப்பூரப் பத்தியே எங்கிட்ட கேக்கறாங்க. நம்மூரு மானம் அங்க வரைக்கும் கப்பலேறிப் போயிருக்குது."

அரங்கம் சிரித்தது. சந்தியா நிமிர்ந்தாள்.

சுவீடனில் தொப்பூரை யாருக்குத் தெரியும்? அவருடைய கட்டுரையில் தொப்பூர் என்ற சொல்லே கிடையாது. 'நாளைய நகரச் சாலைகள்' என்று இணையத்திலிருந்து அப்படியே சுருட்டியது. டைப் அடித்துக் கொடுத்ததே அவள்தான்.

கடைசிப் படம், சான்றிதழ். கொட்டை ஆங்கில எழுத்தில், மிஸ். எஸ். திருமால்.

"பேருக்கு முன்னாடி பாருங்க, மிஸ்ஸுனு போட்டுட்டான். நான் போறதுக்கு முன்னாடியே அச்சடிச்சு வெச்சுட்டானாம். ஆம்பள பேரு எது, பொம்பள பேரு எதுன்னு வெள்ளக்காரனுக்கு எங்க தெரியுது?"

மறுபடி சிரிப்பு. முதல்வர்கூடச் சிரித்தார்.

சந்தியாவின் கண் 'மிஸ்'ஸில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த எழுத்தில் நின்றது. நம் ஊரில் முன்னெழுத்து அப்பனுடையது. அந்த ஊரில் முன்னெழுத்து பிள்ளையுடையது, பின்னால் வருவதுதான் அப்பன். உலகத் தரத்தை அள்ளிக்கொண்டு வரப் போன பெரிய மனிதருக்குப் பத்து நாளில் இந்த ஒன்று கண்ணில் படவில்லை. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று ஒரு கணம் யோசித்தாள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

நன்றியுரைக்கு அவள் பெயரை அழைத்தார்கள்.

கையில் இருந்த தாளில், 'உலகம் சுற்றி வந்த எங்கள் வழிகாட்டி' என்று முதல் வரி. அதையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். கல்லூரி பஸ்களின் பொறுப்பும் அவரிடம்தான். அப்பாவின் வேலை அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடும். அது தெரிந்துதான் தாளை நான்காக மடித்தாள்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"அவங்க தப்பா அச்சடிக்கலைங்க சார். அந்த மிஸ்ஸு நானு. எஸ்ஸுன்னா சந்தியா. திருமாலு எங்கப்பாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு கல்லூரிக்கு ஒரு திருமால் போதும், டிரைவரை நம்பர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று மூன்று வருடத்துக்கு முன் துறைத்தலைவர் போட்ட உத்தரவு அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சந்தியா ஜன்னல் வழியே பார்த்தாள். ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்டதும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மூணாம் நம்பர் பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தார் அப்பா.