கெவினுக்கு வந்த ஈமெயில்

"அங்கிள், நான் அப்பாவின்ர பேரை வெட்டிப்போட்டன்."

கதவைத் திறந்த அருள்நாயகம் திடுக்கிட்டார். பக்கத்து அப்பாட்மென்ட் கண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டபடி நின்றான்.

"என்னடாப்பா சொல்லுறாய்? முதல்ல உள்ள வா."

ஸ்காபரோவில் அந்தக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருவரும் பதினொரு வருடமாக அடுத்தடுத்த கதவு. அருள்நாயகத்தின் காரை மூடிய பனியைத் தள்ளுவதும், முழங்கால் வலி வந்தால் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் கண்ணன்தான். அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று அவன் தாய் யோகமலரைவிட அதிகம் கவலைப்பட்டவர் அருள்நாயகம். கவலைப்பட்டாரே தவிர, தான் எந்தக் கம்பனியில் வேலை செய்கிறார் என்று அவனுக்குக்கூடச் சொன்னதில்லை. மிசிசாகா பக்கம் ஒரு ஒபிஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வார். கம்பனியின் பெயரைச் சொன்னால் ஸ்காபரோச் சனம் முழுக்க வேலை கேட்டு வாசலில் வந்து நிற்கும் என்பது அவருடைய பயம்.

கண்ணன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"ஏழு மாதமா எண்பது இடத்துக்கு ரெசுமே அனுப்பிட்டன் அங்கிள். ஒருத்தரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடேல்லை. என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன் சொன்னான், பேரை மட்டும் மாத்திப் பார் எண்டு. கெவின் ரொஸ் எண்டு போட்டனான். அடுத்த நாளே வரச்சொல்லி ஈமெயில் வந்திட்டுது."

"பேர் மட்டுமோ?"

"பேர் மட்டும்தான். படிப்பு, அனுபவம், ஒண்டும் மாத்தேல்லை. இதில பெரிய பகிடி என்னெண்டா, இதே கம்பனிக்கு, இதே வேலைக்கு, போன மாதம் என்ர சொந்தப் பேரில போட்டனான். ரெண்டு மணித்தியாலத்தில, சொறி, உங்களை எடுக்கேலாது எண்டு பதில் வந்தது. ரெண்டு ஈமெயிலையும் அனுப்பினது ஒரே ஆள்."

அருள்நாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆரவன்? உவங்களுக்கு வெக்கம் எண்டு ஒண்டும் இல்லையோ? வேலைக்கு ஆளைத் தேடுறானோ, பேரைத் தேடுறானோ? மனுசனே உவன்? பேரைச் சொல்லு தம்பி, நானே போய்க் கேக்கிறன்!"

"ஆரோ ஒரு வெள்ளையன் அங்கிள். எனக்கு அவனில கோபம் இல்லை. என்னிலதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு. அப்பா ஊர்ச் சண்டையில செத்துப்போகேக்க எங்களுக்கு விட்டிட்டுப் போனது அந்தப் பேர் ஒண்டுதான். அதையும் நான் ஒரு வேலைக்காக..."

கண்ணன் சட்டைப்பைக்குள் போனைத் தேடினான். "அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. எந்த முகத்தோட சொல்லுறது?"

போனை எடுத்து நீட்டினான். அருள்நாயகம் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதல் ஈமெயிலைத் திறந்தார்.

"வினோதன் இராசரத்தினம்... இது ஆர்?"

"நான்தான் அங்கிள். கண்ணன் வீட்டுப் பேரெல்லோ."

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இது ஒன்றும் புதினமில்லை. பதினொரு வருடம் பக்கத்தில் இருந்தவரின் பதிவுப் பெயரும் மரண அறிவித்தலில்தான் தெரியவரும். அங்கேயும் வீட்டுப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் போனது யார் என்று சனத்துக்கு விளங்கும்.

அருள்நாயகம் இரண்டாவது ஈமெயிலை வாசித்தார். திரும்பவும் முதலாவதை வாசித்தார். பிறகு மெதுவாக எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன அங்கிள், உங்களுக்கும் கவலையாப் போச்சோ?"

"இல்லைத் தம்பி... அந்த ஆளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். ஒரு தமிழ்ப் பெடியனை எடுத்தா, தன்ர ஆக்களைக் கொண்டுவந்து நிரப்புறான் எண்டு மேல உள்ளவங்கள் சொல்லுவாங்கள் எண்டு..."

கண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளையனுக்கு ஆர் அங்கிள் அப்பிடிச் சொல்லப்போகினம்?"

அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ" என்றான் கண்ணன். "நீங்கள்தான் ஒரு வழி சொல்லோணும். கெவின் எண்டே போய் இருக்கவோ, இல்லாட்டி உள்ள போன உடன உண்மையைச் சொல்லவோ? சொன்னா வேலை போயிடும். அம்மா இனியும் அந்த பக்டரியில ராவேலை செய்யேலாது, எனக்கு இந்த வேலை கட்டாயம் வேணும். அந்த ஈமெயில் அனுப்பின அல் நேதனுக்கு முன்னால என்ர பேரை எப்பிடி அங்கிள் சொல்லுறது?"

 கண்ணனை எத்தனையோ தடவை உரிமையோடு அதட்டிய அருள்நாயகத்துக்கு இப்போது அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"நீ உன்ர பேரைச் சொல்லு, தம்பி. அப்பாவின்ர பேரையும் சேர்த்துச் சொல்லு. வெக்கப்படவேண்டியது நீ இல்லை."

"அந்த வெள்ளையன் ஏதும் சொன்னா?"

"அவன் வெள்ளையன் இல்லை, தம்பி. அருள்நாயகம் எண்டா ஒபிஸில ஆருக்கும் வாயில வராது எண்டு, இருபது வருசத்துக்கு முந்தி நான்தான் அல் நேதன் எண்டு மாத்தினனான்."