நான்கு தட்டு

பாறூக்கின் மூன்றாவது தனி அல்பத்திலும் டிரம்ஸ் கிடையாது. பழைய ரொக் குழுவில் கீபோர்ட் வாசித்தவரும் பாட்டெல்லாம் எழுதியவரும் அவர்தான். ஆனால் டிரம்மர் அத்தாஉல்லா குச்சிகளை நான்கு தரம் தட்டிக் காட்டுகிற வேகத்தில்தான் எந்தப் பாட்டும் ஓடும். எதிர்த்துப் பேசினால் குச்சிகளைத் தரையில் வீசியெறிவார். அந்த அவசரம் பிடிக்காமல்தான் பாறூக் குழுவை உதறிவிட்டுக் கண்டக்குழிக்கு வந்தார். அத்தாஉல்லா போன நோன்பு மாதத்தில் மௌத்தாகி, அடக்கமும் செய்யப்பட்டுவிட்டார்.

அங்கே பாறூக் தங்கியிருந்த லொட்ஜின் பின்னறையில், ஜன்னலெல்லாம் சாத்தி, ஒலிப்பதிவாளர் அஃப்ராஸ் முதல் பாட்டைப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டபோது பாட்டுக்கு முன்னால் நான்கு தட்டு இருந்தது. வேகமான தட்டு.

"வெட்டிட்டன் நாநா. திரும்பவும் ஈக்கிது."

"இருந்துட்டுப் போகட்டும். அவன்ட வேகத்துக்கு நான் வாசிக்க மாட்டன்."

பாறூக் அதே பாட்டை வேண்டுமென்றே இன்னும் மெதுவாக, ஆறுதலாக வாசித்தார். போட்டுக் கேட்டால் தட்டு இன்னும் அவசரப்பட்டது. அவர் அசையவில்லை. மறுபடியும் ஆறுதலாகவே வாசித்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை இந்த மல்லுக்கட்டு நடந்தது. கடைசியாகப் போட்டுக் கேட்டபோது நான்கு தட்டும் பாறூக்கின் வேகத்திலேயே விழுந்தன.

"பாத்தீங்களா? மௌத்தான பொறகுதான் சொல்லுக் கேக்கிறான்."

அஃப்ராஸ் கணினியை அணைத்தார். "அப்ப அட்டையில அவர்ட பேரையும் போடுவமா நாநா?"

"போட வேணாம். இது என்ட தனி அல்பம்."

அணைந்த கணினியின் ஸ்பீக்கரில், இரண்டு குச்சிகள் தரையில் வீசியெறியப்படும் சத்தம் கேட்டது.