காதில் யார் குரல்

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே காதுக்கருவி கொடுத்திருந்தார்கள். எந்த வகுப்பு, எந்தப் பேருந்து என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். யாழிசையின் கருவிக்கு அவள் அம்மா செல்வராணிதான் குரல் கொடுத்திருந்தாள்.

விடுமுறைக்கு வந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

"கை கழுவுனியா? நல்லா கழுவுனியா?" என்று எதிரில் இருந்த செல்வராணி கேட்டாள்.

யாழிசை காதைத் தொட்டுவிட்டுப் புன்னகைத்தாள்.

"என்னடி, அங்கயும் என் குரல்தானே?"

"மாத்திட்டேன்மா. இப்ப நானே எனக்குச் சொல்லிக்கிறேன்."

கருவியைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தாள். உள்ளே யாழிசையின் குரல் நிதானமாகப் பேசியது.

"அம்மா சொன்னதையே சொல்லுவாங்க. கோவப்படாத. அவங்களுக்குப் பயம், அவ்வளவுதான்."

யாழிசை ரசம் ஊற்றிக்கொண்டாள். தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. செல்வராணி வாயே திறக்கவில்லை.