நிற்காத கால்

"எழுந்திரு அக்கா, கொஞ்சம் படு..."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, படுக்கச் சொல்றியே..."

"படுக்காம தைச்ச லட்சணத்தைப் பாரு."

தங்கை சீருடைச் சட்டையை ஜன்னல் வெயிலில் விரித்துப் பிடிக்கிறாள். சட்டையின் வலக்கை இடப்பக்கத்திலும் இடக்கை வலப்பக்கத்திலும் ஏறியிருக்கின்றன. காலையில் இதே தவற்றுக்காகப் பிரித்த நூல் இன்னும் அக்காவின் மடியில் சுருண்டு கிடக்கிறது. "கொடு, பிரிச்சுத் தைக்கிறேன்" என்கிறாள் அக்கா, குரல் உடைகிறது. "நான் பிரிச்சுக்கறேன். அழணும்னா அழு, துணியில மட்டும் சிந்தாதே." அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்து, கண்ணில் நீராக நிற்கிறது. அடுத்த சட்டையை ஊசிக்கடியில் தள்ளுகிறாள். தங்கை எட்டி மோட்டார் சுவிட்சை அணைக்கிறாள். இரைச்சல் அடங்குகிறது. மின்விசிறி மட்டும் துணித்துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. தங்கை மேசைக்கடியில் குனிந்து, அக்காவின் பாதத்தின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள்.

"மிஷின் அப்பவே நின்னுடுச்சு அக்கா. உன் கால் இன்னும் மிதிக்குதே."